மூக்கைப் பொத்தாதவர்

சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்க வேண்டாம். கையில் இருக்கும் டீயைக் குடித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் சொல்லப்போவது மலத்தைப் பற்றி, அது வந்து விழும் ஒரு பிளாஸ்டிக் பையைப் பற்றி. கூடவே கர்த்தரைப் பற்றியும். இவற்றை ஒரே மூச்சில் சொல்லக்கூடாது என்று எங்கள் சபையில் சிலர் நினைக்கிறார்கள். எனக்கு நடந்ததை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பெயர் சுமதி. வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் டீசர்ட்டை மேஜையில் விரித்து, எண்ணெய்க் கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கவேண்டும். என் சுபாவத்துக்கு ஏற்ற வேலைதான். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரை நான் தொடமாட்டேன். பஸ்ஸில் யாராவது எச்சில் துப்பினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. வீட்டுக்காரர் பழனிசாமி சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். அவர் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, சோப்பும் ஒரு பக்கெட் தண்ணீரும் கொடுத்து, கை கால் கழுவிய பிறகுதான் உள்ளே விடுவேன்.

நாங்கள் இரண்டு பேருமே முருகனைக் கும்பிடும் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்கள். அவர் இன்றைக்கும் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர். நான் மட்டும் மாறினேன். எங்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் 'அழுகாத, அடுத்தது பொறக்கும்' என்றார்கள். கம்பெனியில் கூட வேலை பார்த்த ஒரு பெண் ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டாள். அங்கே யாரும் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. அழ விட்டார்கள். அதற்காகவே திரும்பத் திரும்பப் போய், பிறகு ஞானஸ்நானமும் எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. "உனக்கு அங்க நிம்மதி கெடைக்குதுன்னா போய்ட்டு வா. எனக்கு எம்முருகன் போதும்" என்றார்.

முதலில் மலத்தோடு ரத்தம் வந்தது. மூலம் என்று நினைத்துக்கொண்டேன். காரத்தைக் குறைத்தேன், நாட்டு மருந்து சாப்பிட்டேன். வெளியில் சொல்லக் கூச்சம். கம்பெனி கக்கூஸ் இருக்கும் நிலையில் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்வருவதே பெரிய காரியம். நாளில் பல தடவை ஓடவேண்டி வந்தபோது லைன் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "உங்களுக்கு மட்டும் எத்தனை தடவைங்க?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பாஸ்டரிடம் மட்டும் சொன்னேன். எண்ணெய் தடவி ஜெபித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. "முதல்ல உபவாசம் இருங்க சிஸ்டர், கர்த்தர் வழி காட்டுவார்" என்றார். நான் அதைப் போக வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் எந்த இடத்தைக் காட்டச் சொல்வார்கள் என்று தெரியும். அந்த அருவருப்புக்குப் பயந்து உபவாசத்தைப் பிடித்துக்கொண்டேன்.

ஒருநாள் செக்கிங் மேஜையிலேயே மயங்கி விழுந்தேன். கம்பெனி வேனில் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுக்காரர் என் சேலையின் பின்பக்கம் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். மறுநாள் காலையில் கோயமுத்தூர் பஸ்ஸில் என்னை ஏற்றி உட்காரவைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு வரிசை முடிந்தால் இன்னொரு வரிசை. நாற்காலிகளில் எல்லாம் யாரோ உட்கார்ந்திருந்த சூடு. வயிற்றைக் கழுவ ஒரு மருந்துத் தண்ணீர் கொடுப்பார்கள். உப்பும் எலுமிச்சையும் கலந்த கஷாயம் மாதிரி இருக்கும். லிட்டர் கணக்கில் குடித்து, உள்ளே இருப்பதெல்லாம் வெறும் தண்ணீராகப் போகும்வரை போகவேண்டும். அதற்குப் பிறகு கொலனோஸ்கோப்பி. கேமரா பொருத்திய குழாயைப் பின்வழியாக உள்ளே விட்டுக் குடலைப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். திரையில் நானே பார்த்தேன். ஈரமான ஒரு சிவப்புக் குகை. அதன் சுவரில் அழுகிய காலிஃபிளவர் மாதிரி ஒன்று. அதிலிருந்து ஒரு கிள்ளு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். அதுதான் பயாப்சி.

முடிவு வந்த அன்று டாக்டர் அம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மலக்குடலின் அடியில் புற்றுநோய். முதலில் கதிர்வீச்சும் மாத்திரையும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். பிறகு அறுவை. கட்டி ஆசனவாய்க்கு ஒட்டியே இருப்பதால் அதையும் எடுத்து, அந்த இடத்தை மூடித் தைத்துவிடுவார்கள்.

"அப்புறம் எப்படிங்க போறது?" என்று வீட்டுக்காரர்தான் கேட்டார்.

"குடலோட முனையை வயித்துல, இடது பக்கம், வெளியே எடுத்து வச்சுத் தைப்போம். அதுக்கு மேல ஒரு பை ஒட்டணும். மலம் அதுல வரும். அது நிறைய நிறையக் காலி பண்ணிக்கணும்."

"எத்தன நாளைக்குங்க?"

"வாழ்நாள் முழுக்க" என்றார் டாக்டர் அம்மா.

நான் வெளியே போய்க் கைகழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். புற்றுநோய் என்று சொன்னபோது பயம் மட்டும்தான் வந்தது. பை என்று சொன்னதும் குமட்டிக்கொண்டு வந்தது.

கதிர்வீச்சு முடிந்து, உடம்பு கொஞ்சம் தேறியதும் அறுவை நடந்தது. காப்பீட்டு அட்டையில் செலவின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. மீதிக்கு அவர் பட்டறையில் முன்பணம் வாங்கியிருந்தார். அதைப் பற்றி என்னிடம் பேச்சே எடுக்கவில்லை. கண் விழித்தபோது பெண்கள் வார்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தேன். வயிற்றில் இளஞ்சூடாக எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டேன். நர்ஸ் துண்டை எடுப்பாள். அவள் போனதும் நான் திரும்பப் போட்டுக்கொள்வேன்.

அதைப் பார்த்துத்தானே ஆகவேண்டும், ஒருநாள் பார்த்தேன். குடல் முனை, தக்காளியை வெட்டி வயிற்றில் பதித்த மாதிரி சிவப்பாக, பளபளவென்று இருந்தது. தொட்டால் உணர்ச்சி கிடையாது. ஆனால் அதுபாட்டுக்குச் சுருங்கி விரிந்தது. வாய் மெல்லுகிற மாதிரி. காற்று போகும்போது சத்தம் வரும். அடக்க முடியாது, ஏனென்றால் அடக்குவதற்கு அங்கே தசை இல்லை. இந்த உடம்பைத்தான் பரிசுத்த ஆவி தங்கும் ஆலயம் என்று சபையில் பாட்டாகப் பாடினோமா என்று நினைத்தேன். எனக்கு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

பையை மாற்றக் கற்றுக்கொடுக்க நர்ஸ் வந்தபோது நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பார்வையாளர் நேரம் அது. திரையை இழுத்து மூடிவிட்டு வீட்டுக்காரர் கற்றுக்கொண்டார். பழைய பையை மெதுவாக உரிப்பது, வெந்நீரில் துணியை நனைத்துத் துடைப்பது, தோல் புண்ணாகாமல் பவுடர் போடுவது, அளவெடுத்துப் புதிய பையின் ஓட்டையை வெட்டுவது எல்லாவற்றையும். சாயம் ஏறி நகமெல்லாம் நீலமாக இருந்த அந்தக் கைகள் என் வயிற்றில் வேலை செய்தன. நான் வாசலில் நிறுத்திக் கழுவச் சொன்ன கைகள்தான்.

"ஏனுங்க, உங்களுக்குக் கொமட்டலீங்களா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டேன்.

"பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள்ள எறங்கி வாருறவனுக்கு இதெல்லாம் ஒரு நாத்தமா" என்றார். "சித்த ஆடாம இரு புள்ள. கோணலா ஒட்டிக்கும்."

அவருக்கு அருவருப்பு வரவில்லை என்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இந்தப் பை இருந்தால் அவர்களுக்குப் புரியும். நம்மை நாமே வெறுக்கும்போது இன்னொருவர் வெறுக்காமல் இருப்பதைத் தாங்க முடியாது.

சபையிலிருந்து வந்தார்கள். பாஸ்டரும் நாலைந்து சகோதரிகளும். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபிக்க ஆரம்பித்ததும் என் பையில் சத்தம் வந்தது. கூடவே வாடை. ஒரு சகோதரி முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். இன்னொருத்தி ஓரடி பின்னால் நகர்ந்தாள். என் தலையில் கை வைக்க வந்த பாஸ்டர் கையைக் காற்றிலேயே நிறுத்திக்கொண்டு, சத்தமாக, "ஆண்டவரே, இந்த அசுத்தத்தை உமது பிள்ளையைவிட்டு அகற்றும்" என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள்.

அசுத்தம் என்றால் நோயா, பையா, நானா என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் போனபிறகும் அந்தச் சொல் கட்டிலிலேயே கிடந்தது. ஆப்பிளை நான் தொடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ருக்மணியக்கா இருந்தார். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். எனக்கு இருந்த நோயேதான், ஆனால் ஈரலுக்கும் பரவியிருந்தது. குடல் அடைத்துக்கொண்டதால் அவசரமாகப் பை வைத்திருந்தார்கள். மகன் கார்த்தி தினமும் வருவான். வார்டு வாசலிலேயே நின்று கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "வேணுங்கறது ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

பாஸ்டர் ஜெபித்ததை அக்கா கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. உங்க சாமியும் இப்படி நாத்தம் புடிச்சவங்களக் கண்டா தள்ளி நிக்குமுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "இல்லீங்க" என்றேன். இல்லை என்று காட்ட ஏதாவது சொல்லவேண்டுமே என்று, வருஷக்கணக்கில் ரத்தப்போக்கு இருந்த பெண்ணின் கதையைச் சொன்னேன். சபையில் பலமுறை கேட்ட கதைதான். வைத்தியர்களிடம் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு, ஒன்றும் சரியாகாமல், கூட்டத்துக்குள் புகுந்து பின்னாலிருந்து இயேசுவின் உடுப்பு ஓரத்தைத் தொட்டாள்.

"உடுப்பு ஓரம்னா?"

"கீழ் மடிப்புங்க. நாங்க கம்பெனியில பாட்டம் ஹெம்முன்னு சொல்லுவோம்."

"சரி. எதுக்குப் பின்னால போய்த் தொட்டா? முன்னால வந்து கேக்கறதுக்கென்ன?"

"அவளை யாரும் தொடக்கூடாதுன்னு அந்த ஊர்ல சட்டமுங்க. தீட்டு."

"அத்தன வருசமா ரத்தம் போய்ட்டே இருந்தா," அக்கா யோசித்துக்கொண்டு சொன்னார், "நாத்தம் அடிச்சிருக்குமே."

எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒருவரும் அதைச் சொன்னதில்லை. பைபிள் படத்தில் அவள் சுத்தமான நீலச் சேலை மாதிரி எதையோ போர்த்திக்கொண்டு அழகாக மண்டியிட்டிருப்பாள். கம்பெனி கக்கூஸ் வாசலில் நான் நின்ற நிலையில் அவளை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கூட்டத்தில் யாராவது மூக்கைப் பொத்தியிருப்பார்கள். யாராவது சிரித்திருப்பார்கள்.

"தொட்டதுக்கப்புறம் அவரு என்ன பண்ணினாரு?"

"யாரு தொட்டதுன்னு கேட்டாருங்க. அவ நடுங்கிக்கிட்டே முன்னால வந்தா. எல்லார்த்துக்கும் முன்னால மகளேன்னு கூப்பிட்டாரு."

அக்கா "அது நல்லாருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஞானஸ்நானம் எடுத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

இதற்குப் பிறகு நான் பெரிய பக்தையாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்கு அனுப்பும் நாள் நெருங்கியபோது ஒரு மத்தியானம் ருக்மணியக்காவின் பை கசிந்தது. சேலை, படுக்கை, தொடை என்று எல்லா இடத்திலும். வார்டில் அப்போது இரண்டே நர்ஸ்கள், இரண்டு பேரும் ஒரு மோசமான கேஸில் இருந்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தார். ஈ வந்து உட்கார்ந்தது.

இதைப் பிரசங்கத்தில் சொன்னால், 'என் உள்ளத்தில் அன்பு பொங்கியது' என்று சொல்வார்கள். எனக்கு அன்பு ஒன்றும் பொங்கவில்லை. பொங்கியது வாந்தி. எழுந்து தட்டை இழுத்து வாந்தி எடுத்தேன், வாயைக் கழுவினேன், கையுறையை மாட்டினேன். "இயேசுவே, எனக்கு இது புடிக்கல" என்று சொன்னேன். அந்த நோயில் நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான். பிறகு வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, வீட்டுக்காரர் என் உடம்பில் செய்ததையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துச் செய்தேன். உரித்தேன். துடைத்தேன். பவுடர் போட்டேன். கோணலாகத்தான் ஒட்டினேன். நடுவில் இன்னொரு முறையும் வாந்தி வந்தது.

"போதும் உடுங்க அம்மிணி. உங்களுக்கு ஆகலீன்னு தெரியுது" என்றார் அக்கா.

"ஆகலீங்க" என்றேன். "இன்னுங் கொஞ்சந்தான்."

அன்று சாயங்காலம் முதல்முறையாக என் பையை நானே மாற்றினேன். வீட்டுக்காரர் வெந்நீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து, கொஞ்சம் நடமாடத் தொடங்கியதும் பாஸ்டர் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லணும் சிஸ்டர். கேன்சரைக் கர்த்தர் வேரோட பிடுங்கினார்னு சொல்லுங்க. அந்தப் பை விஷயம் மட்டும் வேண்டாம். புதுசா வர்றவங்க சங்கடப்படுவாங்க."

"பை இருக்குதுங்களே பாஸ்டர்."

"இருக்கட்டும். அது சேலைக்குள்ளதானே இருக்கு."

மைக் முன்னால் போய் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் பையில் சத்தம் வந்தது. மைக் அதை மண்டபம் முழுக்க அனுப்பிவைத்தது. பின்வரிசையில் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. ஆனால் சொல்வதற்கு வேறு வழி இல்லாமல் போனது நல்லதாகிவிட்டது.

"அது என் வயித்துல இருக்கற பைங்க" என்றேன். "மலம் அது வழியாத்தான் வருது. சாகற வரைக்கும் அப்படித்தான். டாக்டர் அறுத்தாங்க, எங்க வீட்டுக்காரர் கழுவினாரு. அவரு முருகனைக் கும்பிடறவரு. கர்த்தர் எங்கிருந்தாருன்னு கேட்டா, அந்தக் கட்டில்கிட்டத்தான் இருந்தாரு. மூக்கப் பொத்தல. நீங்க வந்தப்போ அசுத்தம்னு ஜெபிச்சீங்க. எனக்கு அது வலிச்சுதுங்க."

கீபோர்டு வாசிக்கும் பையனுக்கு பாஸ்டர் கையைக் காட்டினார். பாட்டு ஆரம்பித்தது. என் கையிலிருந்து மைக்கை மரியாதையாகவே வாங்கிக்கொண்டார். எல்லோரும் கைதட்டிப் பாடினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டபோது எனக்கு இருந்த குமட்டல் ஆஸ்பத்திரி வார்டில்கூட இருந்ததில்லை.

அந்தச் சபைக்கு இப்போதும் போகிறேன். ஏன் என்று வீட்டுக்காரரே கேட்டார். அன்றைக்குக் கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, முன்பின் தெரியாத ஒரு பெண் என் சேலையைப் பிடித்து இழுத்து, "அக்கா, எங்க அம்மாவுக்கும் அந்தப் பைதாங்க. எப்படி ஒட்டறதுன்னு யாருமே சொல்லித் தரல" என்றாள். நான் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள். கடைசி பெஞ்சில், வாசலுக்குப் பக்கத்தில் இருவரும் உட்காருகிறோம். லீவு நாளில் ஆஸ்பத்திரிக்கோ, கூப்பிட்டால் வீட்டுக்கோ போய்ப் பை மாற்றச் சொல்லித்தருகிறேன். மதம் பற்றி எதுவும் பேசுவதில்லை. யாராவது கேட்டால் உடுப்பு ஓரத்தைத் தொட்ட பெண்ணின் கதையைச் சொல்வேன், நாத்தத்தோடு சேர்த்து.

போன மாதம் ஒரு காலையில் கார்த்தி போன் செய்தான். ருக்மணியக்காவின் மகன்.

"அக்கா, அம்மா போயிருச்சுங்க. குளிப்பாட்டோணும். அந்தப் பைய எடுக்கறதுக்குப் பொம்பளைங்க யாரும் கிட்ட வர மாட்டேங்கறாங்க. நீங்க வர முடியுமுங்களா?"

அவர் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். பொங்கலூர் போய்ச் சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். உள் அறையில் அக்கா கிடந்தார். வாசல்படியில் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. வாடை பலமாகத்தான் இருந்தது. பை நிரம்பி ஓரத்தில் பிரிந்திருந்தது.

"சுடுதண்ணி வேணும். ஒரு ஆளும் வேணும்" என்றேன்.

யாரும் நகரவில்லை. கொஞ்சம் கழித்துக் கார்த்தியே குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். கைக்குட்டை சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. "நீங்க மகன், வெளியில நின்னாலும் தப்பில்லீங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு போர்வையால் அக்காவின் மானத்தை மறைத்து, வயிறு மட்டும் தெரிகிற மாதிரி விலக்கினேன். மேல் ஓரத்திலிருந்து பையை உரித்தேன். அந்தச் சிவப்பு நிறம் போய்ச் சாம்பலாகியிருந்தது. அவன் ஊற்ற, நான் துடைத்தேன். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது. அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"உங்களுக்கு அருவருப்பா இல்லீங்களாக்கா?"

"இருக்குதுங்க" என்றேன். "இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."